எடை பார்க்கும் செவ்வாய்

முதலில் வெள்ளி போனது.
பயணிகள் குறைவு என்றார்கள்.
பிறகு ஞாயிறு.
விமானம் பழுது என்றார்கள்,
அப்புறம் பழுதெல்லாம் இல்லை,
அது வேறு ஊருக்குப் பறக்கிறது,
அங்கே கூட்டம் அதிகமாம் என்றார்கள்.
செவ்வாய் மட்டும் மிஞ்சியது,
கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவனைப் போல,
சோறு வருமா
இலையை எடுப்பார்களா என்று தெரியாமல்.

ஏப்ரலில் ஒரு தாள் வந்தது.
சோஹார் – திருச்சி சேவை
செயல்பாட்டுக் காரணங்களால்
மறு அறிவிப்பு வரும்வரை.
அவ்வளவுதான்.
வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை.
ஹமூத் அரபியில் படித்தார், நான் ஆங்கிலத்தில்.
இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தினோம்.

ஆறு வருடம் இரண்டாம் கவுண்டரில் இருந்தேன்.
முகங்களைவிட எடைகள்தான் நினைவிருக்கின்றன.
முப்பத்தொன்று புள்ளி நான்கு:
எட்வின் சகாயம், இரும்பாலை, முதல் விடுப்பு.
எதைக் குறைப்பது என்று திறந்து பார்த்தவன்
தன் சட்டைகளையெல்லாம் எடுத்து
தரையில் அடுக்கினான்.
பால்பவுடர் டப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பதினொன்று: நூர்ஜமால்.
கம்பெனி மூடியபின் திரும்பிப் போனவர்.
முப்பது கிலோ வரைக்கும் கொண்டுபோகலாம் பாய் என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

சவப்பெட்டிக்கு என் தராசு போதாது.
பின்பக்கம் சரக்குக் கொட்டகையில் நிறுத்தார்கள்.
அன்றைக்கு வரிசையில்
யாரும் எடைக்காக என்னிடம் வாதாடவில்லை.

விமானம் நின்றும்
விமான நிலையம் நிற்கவில்லை.
பகலில் ஒன்று மஸ்கட்டிலிருந்து வந்து திரும்பும்,
எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள்,
ஆளுக்கொரு தோள்பை.
பெட்டி வரும் பெல்ட்டைத் தினமும்
பத்து நிமிடம் ஓட்டவேண்டும் என்பது விதி,
இல்லாவிட்டால் மோட்டார் பிடித்துக்கொள்ளும்.
வெறும் ரப்பர் சுற்றுகிறது.
மோனிருல் தன் துடைப்பத்தை அதில் படுக்கவைத்து அனுப்பி
மறுபக்கம் நடந்துபோய்
ரொம்ப நேரம் காத்திருந்தவன் போல
எடுத்துக்கொள்கிறான்.
ஒருமுறை கைதட்டினேன்.

பேச்சிமுத்துவுக்கு மட்டும் நல்ல காலம்.
பதினான்கு சீட்டு வேன்,
மஸ்கட்டுக்கு ஆறு ரியால்.
இருநூறு கிலோமீட்டர், வழி நெடுக இடதுபக்கம் கடல்,
ஆனால் கிளம்புவது ராத்திரி.
நிறுத்தச் சொல்லி நீதான் மனுப் போட்டாயா என்று கேட்டேன்.
சிரித்துக்கொண்டே லட்டுப் பெட்டியை நீட்டினான்.
நல்ல லட்டு. இரண்டு தின்றேன்.

மூன்றாவது செவ்வாய்
வேன் எங்கள் வாசலில் வந்து நின்றது.
அட்டைப்பெட்டி, கம்பளி, நைலான் கயிறு,
பதினான்கு பேர்.
"அக்கா, ஒரு எடை பாத்துக் குடுத்துடுங்க.
மஸ்கட்ல போயி பிரிச்சா மானம் போயிரும்."
ஹமூத்தைப் பார்த்தேன்.
அவர் கூரையைப் பார்த்தார்.
அந்தக் கோடியில் விளக்கு ஒன்று எரியவில்லை,
பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.
எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

தராசைப் போட்டேன்.
சிவப்பில் பூஜ்யம் வந்தது.
கயிறு அவிழ்ந்தது, கட்டப்பட்டது,
ஒருவன் பேரீச்சம்பழம்
இன்னொருவன் பெட்டிக்குக் குடிபோனது.
தைலப் பாட்டில் ஒன்று
யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை,
கூட்டத்தில் இளைத்த பெட்டிக்குள் போனது.

எட்வின் சகாயம் வந்தான்.
இருபத்தொன்பது புள்ளி எட்டு.
தேறிவிட்டாய் என்றேன்.
பழக்கதோஷத்தில் கை
பாஸ்போர்ட்டுக்கு நீண்டுவிட்டது.
அவனும் கொடுத்துவிட்டான்.
வாய் தானாகக் கேட்டது:
ஜன்னலோரமா, நடைவழியா?

வரிசை அடங்கிப்போனது.
வெளியே பேச்சிமுத்து ஹாரனை அழுத்தினான்.

"ஜன்னல் குடுங்கக்கா," என்றான்,
"இடதுபக்கம். கடல் வருமாமே."

இருட்டில் தெரியாது என்று
நான் சொல்லவில்லை.