தீர்மானம் எண் ஏழு

ரெண்டாம் தேதி லீவு, இலை எடுப்பு இல்லை.
அதனால்தான் கிராமசபையை அன்றைக்கு வைக்கிறார்கள்.
அதனால்தான் யாரும் வருவதில்லை.
துவைக்க, விறகு பொறுக்க, குப்புறப் படுத்துக் கிடக்க
எங்களுக்கு வேறு நாள் ஏது?

நூறு கையெழுத்து விழுந்தால்தான்
கூட்டம் கூட்டமாகும்.
போன தடவை அறுபத்திரண்டு.
அதிலும் நாலு பேர் டீக்கு வந்தவர்கள்.

எடைக் கொட்டகையில் கூடையைக் கவிழ்த்த கையோடு
நானும் புஷ்பராணியும்
ஒரு டார்ச், நோட்டில் கிழித்த ஒரு தாளுடன்
மேல் லயனில் தொடங்கினோம்.

கூரைத் தகடு பதினெட்டு.
நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்,
இங்கே வாய்ப்பாடு சொன்னால் அங்கே வரலாறு கெடுகிறது.
கழிப்பறைக்குக் கதவு.
இருந்ததை ஆடிக்காற்று ஓடையில் போட்டுவிட்டது.
ஒரு பிள்ளை உள்ளே போனால்
இன்னொன்று சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது
முகத்தை மலைப்பக்கம் திருப்பி.

பாதி ஒன்றியம் தரும், மீதி நாம்.
தாளின் அடியில், எறும்பு எழுத்தில்,
வீட்டுக்கு வருஷம் நாற்பது ரூபாய் வரி ஏறும்.
"அதைக் கேட்டா மட்டும் சொல்லு" என்றாள் புஷ்பராணி.

சிவபாக்கியம் கேட்கவில்லை.
கிழங்கு உரித்தபடியே தலையாட்டினாள்.
தர்மலிங்கம் வீட்டில் டிவி பெரிதாக ஓடியது,
தீர்மானத்தை விளம்பரத்துக்கு நடுவில் சொன்னோம்.
கீழே ஹட்டியில் போஜன் அண்ணன்
"நான் படிச்ச காலத்துலயும் அது ஒழுகுச்சு,
ஒழுகுனா படிப்பு வராதா?" என்றார்.
அவர் மகள் கோயமுத்தூரில் நர்ஸ்.
எங்களிடம் பதிலில்லை, காபி குடித்தோம்.

இருபத்துமூன்று வீடு முடிந்து
இருபத்துநாலாவது மரியபுஷ்பம்.
பிள்ளை கிடையாது, ஆடு மூன்று.
கதவைப் பாதி திறந்து, கேட்டுவிட்டாள்:
"வரி ஏறுமா?"

புஷ்பராணி பல்பைப் பார்த்தாள்.
நான் சொன்னேன், ஏறும். நாற்பது.

அவள் உதடு அசைந்தது.
மேல் இலைக்குக் கிலோ ரெண்டு ரூபாய்,
இருபது கிலோ.
மழையில் நனைந்த இலை என்றால் கங்காணி கழிவு போடுவான்,
அப்போது இருபத்துமூன்று.
"எனக்கு எந்தப் பிள்ளை போகுது அங்க?"
கதவை அறையவில்லை.
மெதுவாகச் சாத்தினாள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

வளைவு வரை புஷ்பராணி பேசவில்லை.
வளைவில் பாதையை அடைத்துக்கொண்டு
ஒரு காட்டெருமை, மேய்ச்சலும் இல்லை, அவசரமும் இல்லை.
டார்ச்சை அணைத்து, தேயிலைச் செடிக்குள் இறங்கி
மூச்சைக் குறைத்து உட்கார்ந்தோம்.
அட்டை ஏறும் இடத்தில் இருந்துகொண்டு
காதோடு சொன்னாள்:
"மேல இருவத்திமூணு வீட்டுக்கும் நாற்பதைச் சொல்லலையே."
"நீதானே வேணாம்னே."
"நான்தான்."

எருமை போக அரைமணி.
பிறகு கீழே போகவில்லை, திரும்ப ஏறினோம்.
சிவபாக்கியம் இப்போது கேட்டாள்.
தர்மலிங்கம் டிவியை நிறுத்தினார்,
அதுவரை இருந்த சம்மதத்தையும்.
ரெண்டு வீட்டில் படுத்துவிட்டார்கள்,
ஜன்னல் வழியாகச் சொன்னோம்.

ரெண்டாம் தேதி மூடுபனி.
ஆபீஸ் வாசலில் வருபவர் முகம்
கையெழுத்துப் போடும்போதுதான் தெரிந்தது.
எண்பத்தொன்று, தொண்ணூறு, நீண்ட நேரம் தொண்ணூற்றாறு,
பிறகு சர்ச் விட்டுக் கும்பலாக.
நூற்றுப்பதினொன்றில் நோட்டை மூடினார்கள்.

செயலர் ஆறு தீர்மானங்களை ஒரே மூச்சில் படித்தார்.
ஏழாவதில் பின்னாலிருந்து ஒரு குரல்:
"நாற்பதுன்னு நோட்டுல எழுதுங்க.
எழுத்தாலயும் எழுதுங்க, எண்ணாலயும் எழுதுங்க.
அடுத்த வருஷம் அம்பதுன்னு வரக்கூடாது."
மரியபுஷ்பம். தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்தாள்.
செயலர் எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

ஆதரவாகக் கை தூக்குங்கள் என்றபோது
எனக்கு முன்னால் போஜன் அண்ணனின் கம்பளி,
அதற்கும் அப்பால் பனி.
கைகள் எழுந்தன, நிறையவே.
அவளுடையது இருந்ததா என்று
புஷ்பராணி என்னைக் கேட்கிறாள்,
நான் அவளைக் கேட்கிறேன்.