பூட்டின வீட்டு மீற்றர்

கிளினிக் கொப்பியில என்ர தொழில்
'மின்சார சபை' எண்டு மட்டும் கிடக்கு.
தாவடி, சுதுமலை, கொக்குவில் மேற்கு,
ஒழுங்கை ஒழுங்கையா மீற்றர் பாக்கிறவன் நான்.
எந்த வளவில கக்கூஸ் வெளியால இருக்கு,
எதுக்குப் பூட்டு,
எந்த நாய் கட்டாமல் நிக்கும்,
இந்தக் கணக்கு சபையிட்ட இல்லை.

காலமை ஒண்டு, மத்தியானம் ஒண்டு, இரவு ரெண்டு.
பனங்களி நிறத்தில மூத்திரம் போகும்.
முதல்நாள் வெருண்டுபோய் ஓடினன்.
மருந்து குடுக்கிற பிள்ளை சிரிக்காமல் சொல்லிச்சு:
'அது குளிசைச் சாயம் அண்ணை.'
ரத்தமில்லாத எந்த நிறமும்
அண்டைக்கு எனக்கு வடிவாத்தான் இருந்தது.

எட்டு மாதம் ஒண்டுமில்லை.
உறைப்பாக் கணவாய்க் கறிகூடத் திண்டு பாத்தன்.
'சுகமான ஆளுக்கு என்னத்துக்கு மருந்து?'
தயாநிதி கேட்டாள்.
அவள் கேக்க முதலே
நானும் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனான்.
போத்தல் சாமிப்படத்துக்குப் பின்னால போச்சு.

ஆறாம் கிழமை.
சுதுமலையில முன்பின் தெரியாத ஒரு கேற்.
'அக்கா, மீற்றர்' எண்டு சொல்ல வந்த வாய்
'அக்கா, கக்கூஸ்' எண்டுது.
அவ என்ர அட்டையைப் பாத்தா,
முகத்தைப் பாத்தா,
ஒண்டும் பறையாமல்
ஒரு வாளி தண்ணி கொண்டுவந்து வைச்சா.
வெளிய வர, தேசிக்காய்த் தண்ணி.
நிமிந்து பாக்காமல் குடிச்சன்.
யூனிற் எழுத மறந்துபோனன்.
அந்த மாதம் அவவுக்கு உத்தேச பில்.

டொக்டர் ஏசேல்லை.
'எத்தினை தரம்? ராவிலயும் எழும்புறனீங்களோ?'
எழுதிக்கொண்டே கேட்டார்.
'எப்ப ஐயா நிப்பாட்டலாம்?'
'நிப்பாட்டிப் பாத்தனீங்கள்தானே.'
பின்னால வரிசை
வாகையடி வரைக்கும் நிண்டது.

கோண்டாவிலில ஒரு வீடு.
ஆக்கள் ரொறன்ரோவில.
கேற்றில துரு, முத்தத்தில நாயுண்ணிப் பத்தை,
சன்னல் ஒண்டும் திறந்து கனகாலம்.
மதிலால எட்டிப் பாத்தால்
மீற்றருக்குள்ள சில்லு சுத்துது,
ஈ ஒண்டு நடக்கிற மாதிரி.
உள்ளுக்கு என்னவோ
நிப்பாட்டாமல் விட்டுட்டுப் போயிருக்கினம்.
பழைய எண் 40817.
புது எண் 40819.
எழுதிப்போட்டு
மதில் நிழலில சைக்கிளைச் சாத்தி
மத்தியானக் குளிசையை எடுத்தன்.
போத்தல் தண்ணி
வெயிலில கொதிச்சுப்போய்க் கிடந்தது.