இரண்டேமுக்கால் பல்

வில்லாபுரத்தில் மாடிப்படிக்கு அடியில்
நாலடிக்கு ஏழடி.
தண்ணீர் மோட்டார் தின்றது போக
மிச்சம் என் பட்டறை.

ஹாக்ஸா பிடித்துப் பிடித்துத்
தோள்பட்டை இறங்கிவிட்டது.
ஒரு மெஷின் வாங்கிவிடலாமென்று
தெற்கு வெளி வீதியில் கடை ஏறினேன்.

"சார் வரலையா?" என்றது முதல் கடை.
சார் பல்பு மாட்டினால்
ஸ்டூல் பிடிப்பது யாரென்று சொல்லாமல்
இறங்கி வந்தேன்.

இரண்டாம் கடையில்
பதினாலு அங்குலக் கல்லைச் சுழல விட்டார்கள்.
நாலு எண்ணுவதற்குள் சதுரக் குழாய் ரெண்டு துண்டு.
"எக்கா, அங்கிட்டுத் தள்ளி நில்லு"
பொறிக்கு நடுவே லோடுமேன் கத்தியது
உதட்டசைவாகத்தான் தெரிந்தது.
வேகம் பிடித்திருந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன்.
விலையும்.
ஆனால் அந்தச் சத்தம்
காதுக்குள் ஏறிக்கொண்டு
பெரியார் நிலையம் வரை டிக்கெட் எடுக்காமல் வந்தது.

மாடியில் சகாயமேரி.
பெரியாஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி.
காலை ஒன்பதுக்குப் படுத்தால் நாலுக்கு எழுவாள்.
எனக்குக் கை ஒழிகிற நேரமும் அதே ஒன்பது, அதே நாலு.
அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம் காய்வது
படிக்கட்டுக் கைப்பிடியில்,
பொறி போய்ச் சேருகிற தூரத்தில்.

மறுநாள் ஜபருல்லா கடை.
"மெஷின் கிடக்கட்டும்,
என்னத்த வெட்டப் போறீங்க?"

பையைக் கவிழ்த்தேன்.
ஜன்னல் கம்பி, அரை அங்குலப் பட்டை,
மூணு எம்.எம். ஆங்கிள்.
அவர் சிரிக்கவில்லை. காலிப்பர் எடுத்தார்.

"எப்பவும் மூணு பல்லாவது
இரும்புக்குள்ள நிக்கணும்.
ஒத்தப் பல்லு மாட்டுச்சுன்னா
பல்லும் போச்சு, உருப்படியும் போச்சு."

இருபத்துநாலு பல் பிளேடை
ஆங்கிள் மேல் வைத்து எண்ணினோம்.
இரண்டேமுக்கால்.
"தள்ளிரலாம்" என்றார்
மகளுக்கு மார்க் போடுகிற வாத்தியாரைப் போல.

சின்ன பேண்ட்ஸா.
ரிப்பன் மாதிரி ஓடுகிற ரம்பம்.
அரை அங்குலப் பட்டைக்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில்
அவர் ஒரு டீயைக் குடித்து முடித்து
கிளாசையும் கழுவி வைத்தார்.
உளுந்து அரைகிற சத்தம், அவ்வளவுதான்.
வெட்டு வாயைத் தொட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி.

கல் மெஷினைப் போல மூணு பங்கு விலை.
வாஷிங் மெஷினுக்கென்று கட்டிய சீட்டை
இந்த மாதமே தள்ளி எடுத்தேன்.
தள்ளுபடி ஒன்பதாயிரம்.
அந்தக் கணக்கை வீட்டில் இன்னும் கேட்கவில்லை.
கேட்கும்போது
துவைத்துக்கொண்டே சொல்வேன்.

முதல் நாள்
பதினோரு கம்பி, நாலு ஆங்கிள்.
ஒவ்வொன்றும் விழுவதற்கு முன்
கை கொடுத்து வாங்கித்
தரையில் சாக்கின் மேல் படுக்க வைத்தேன்.

நாலு மணிக்குக் கொட்டாவியோடு
இறங்கி வந்தாள் சகாயமேரி.
"என்னக்கா, இன்னிக்கு வேலை கெடையாதா?"

சாக்கைக் காட்டினேன்.
குனிந்து ஒரு கம்பியை எடுத்து
ஊசி முனை பார்க்கிற கண்ணால் பார்த்தாள்.
"நேரா இருக்கே" என்றாள்.

அரை மில்லி கோணல்.
எனக்கும் மூலைமட்டத்துக்கும் மட்டும் தெரியும்.
ராத்திரி அவள் டூட்டிக்குப் போனதும்
கைடு திருகைக் கால் சுற்று
முடுக்கிப் பார்க்க வேண்டும்.