தல்வி

"இது என்ன பருவம்?" என்று கேட்டாள் செவிலி.
அவன் ஜன்னலைப் பார்த்தான்.
"தல்வி" என்றான், துளிச் சந்தேகமில்லாமல்.
அவள் தாளில் சுழியம் போட்டாள்.

வெளியே எஸ்கில்ஸ்டூனா முழுக்கப் பனி.
நிறுத்தத்தில் எங்கள் கார் எந்த மேடு என்று
தெரியாமல் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.
ஃபின்னிஷ் அகராதி வாங்கிய பிறகுதான் தெரிந்தது:
தல்வி என்றால் குளிர்காலம்.
முப்பதுக்குப் பதினேழு என்று போட்டிருந்தார்கள்.
பதினெட்டு என்று திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினேன்.
பதில் இல்லை.

அல்சைமரில்
கடைசியாக வந்த மொழி பலருக்கு முதலில் போகும்
என்றார் மருத்துவர், பேருந்து வரிசையைச் சொல்வதுபோல.
தௌனோவுக்குக் கடைசியாக வந்தது சுவீடிஷ்.
அதாவது, நான்.
ஐம்பத்துமூன்று வருடம் அதில்தான் சண்டை போட்டோம்,
கடன் வாங்கினோம், பிள்ளையில்லை என்று ஆனபின்
நாய்க்குப் பெயர் வைத்தோம்.
முதலில் கிழமைகள் போயின.
அப்புறம் கரண்டி, சாவி, என் அக்காள்கள்.
வசவுகள் மட்டும் அடுத்த மார்ச் வரை தாக்குப்பிடித்தன.
ஒரு காலை அவையும் ஃபின்னிஷில் வந்தன.
திட்டு வாங்கிக்கொண்டே அழுதேன்,
என்ன திட்டு என்று தெரியாததால்.

பிறகு நகராட்சியிலிருந்து ஒரு பொட்டலம்.
வழி தவறினால் கண்டுபிடிக்க,
கழுத்தில் மாட்டும் வில்லை. அதில் ஓர் எண்.
மாட்டினேன்.
மாட்டியதும் அவன் தொப்பியைத் தேடி எடுத்தான்.
கதவருகே போய்
முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றான்.
அழவில்லை.
அழக்கூடாதென்று யாரோ சொல்லி அனுப்பிய நிற்பு அது.

ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறான்.
ஆகஸ்டு நண்டு விருந்தில், குடித்துவிட்டு,
தட்டில் கிடந்த ஓடுகளைப் பார்த்தபடி.
நாற்பத்துநாலில், ஐந்து வயதில்,
போருக்குப் பயந்து
தூர்க்குவில் கப்பலேற்றிய பிள்ளைகளில் ஒருவனாம்.
கழுத்தில் அட்டை, அட்டையில் எண்.
இரண்டு வருடம் இங்கே ஒரு பண்ணை வீட்டில்
பாலையும் சுவீடிஷையும் குடித்து வளர்ந்துவிட்டுத்
திரும்பிப் போனபோது, துறையில் ஒருத்தி
ஏதோ சொல்லிச் சொல்லி அவன் முகத்தைத் தொட்டாளாம்.
ஒரு சொல்கூடப் புரியவில்லையாம்.
"அவள்தான் அம்மா" என்றான்,
என்றுவிட்டு இன்னொரு நண்டை உடைத்தான்.

ஹில்யாவை எனக்குப் பிடித்ததில்லை.
எங்கள் கல்யாணத்துக்குக் கறுப்பு உடையில் வந்து
வாய் திறக்காமல் உருளைக்கிழங்கு தின்றுவிட்டுப் போனவள்.
அவளுடைய ஒரே பிள்ளையை
முதலில் ஒரு பண்ணைக்கு,
பிறகு ஒரு கத்தித் தொழிற்சாலைக்கும் எனக்கும் என்று
இந்தக் கரை இரண்டு தரம் எடுத்துக்கொண்டது
அன்று எனக்கு உறைக்கவில்லை.
இப்போது அவளிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.
முதல் இரவு என்ன செய்தாய், ஹில்யா?
அவனுக்குப் பசிக்கிறதென்று எப்படித் தெரிந்துகொண்டாய்?

வில்லையைக் கழற்றி
அவன் கோட்டின் உள்மடிப்பில் வைத்துத் தைத்தேன்.
தையல் கோணல்.

நேற்று அவன் என் கையைப் பிடித்து
காப்பிக் கோப்பையின் மேல் வைத்தான்.
"குப்பி" என்றான்.
"குப்பி" என்றேன்.
என் உச்சரிப்புக்கு முகம் சுளித்து, மறுபடி.
ரொட்டிக்குப் போனோம். உப்புக்கு.
மேசை தீர்ந்ததும் என் தோளைத் தாண்டி
யாரிடமோ நீளமாக ஏதோ சொன்னான்.
பிடிபட்டது ஒரு சொல்: ஹேன்.
அந்த மொழியில் அவனும் அவளும் அதுவேதான்.
மருத்துவரைச் சொன்னானோ, அம்மாவையோ, என்னையோ.

ஜன்னலைக் காட்டி,
நேற்றிரவு மனப்பாடம் செய்த வாக்கியத்தில் கேட்டேன்.
வெளியே மே மாதம்.
பக்கத்து வீட்டுப் பையன் சட்டையில்லாமல் புல் வெட்டுகிறான்.
"தல்வி" என்றான்.

தவறுதான்.
போட்டேன் ஒன்று.