கடன்வேர்

விதையின் மூக்கை நகவெட்டியால் கிள்ளி
ஈரச் சாக்கில் பரப்பியிருந்தேன்.
முப்பத்தைந்தாம் நாள்
இருநூறில் எழுபத்தொன்று வாய்திறந்தன.
மற்றவற்றை எலி தின்றது, பூசணம் தின்றது,
சிலவற்றை ஏனென்று சொல்லாமல்
மண்ணே வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு பைக்கும் ஒரு கிள்ளு பொன்னாங்கண்ணி.
சந்தனம் தனியாக முளைக்கும், நாலிலை விடும்.
பிறகு இருட்டுக்குள்
யாருடைய வேராவது அகப்படுமா என்று துழாவும்.
ஒருமுறை பை கிழிந்தபோது பார்த்தேன்:
மிளகளவு வெள்ளைப் பொத்தான்கள்,
இரண்டு வேர்களை
ஒரே சட்டையாகப் பூட்டியிருந்தன.

கீரை தலைக்குமேல் போனால் கத்தரிக்க வேண்டும்.
அடியோடு வெட்டினால் பிள்ளை பட்டினி.
விட்டுவைத்தால் பிள்ளைக்கு வெயில் இல்லை.
இந்தக் கணக்கை எரொமாங்கோவில்
வீட்டுக்கு ஒருத்தி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிலத்துக்கு மாற்றும்போது பக்கத்தில் துவரை,
தள்ளி ஒரு சவுக்கு.
துவரை மூன்று வருஷத்தில் போய்விடும்;
அதற்குள் சவுக்கின் வேர் எட்டிவிட வேண்டும்.

கொழுந்தன் நம்பில்
விலாவில் வேலை போய்
ஒரு வாரம் தங்கிப் போக வந்தவன்.
பதினோரு வருஷமாக அந்த வாரம் முடியவில்லை.
கிழங்கை நான் தோண்டுவேன்,
பெரிய துண்டு அவனுக்கு.
"நீயும் ஒரு சந்தனம்தான்" என்றேன் ஒருநாள்,
"வாசனைதான் இன்னும் வரவில்லை."
சிரித்தான். தட்டை நீட்டினான்.

பிறகு அந்தப் புயல்.
எங்கள் கூரைத் தகடு கடலுக்குப் போனது.
பள்ளிக்கூட மணி எங்கள் பன்றிப்பட்டியில் கிடந்தது.
சவுக்குகள் எல்லாம் சாய்ந்தன.
சந்தனம் குட்டை, குனிந்து தப்பித்தது.
ஊரில் உலர்ந்த சுள்ளி ஒன்றில்லை;
சவுக்கோ பச்சையாகவே எரியும்.
கோடரியை எடுத்தவள் நான்தான்.
அடிமரத்தை அறுத்தோம், வேரையும் தோண்டினோம்.
ஒரு மாதம் நல்ல சமையல்.

எட்டாம் மாதம் சந்தன இலை
பழைய ரசீதின் நிறத்துக்கு வந்தது.
நுனியிலிருந்து காய்ந்து இறங்கியது.
அது யார் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்தேதான் அடுப்பில் வைத்தேன்.

வாங்குகிறவன் படகில் வந்தான்.
அடிமரத்தில் துளையிட்டு
தூளை உள்ளங்கையில் ஏந்தி மோந்தான்.
"வெளிறுதான் அதிகம். வைரம் சுண்டுவிரல் பருமன்."
கிலோவுக்கு அவன் சொன்ன விலையில்
மகள் லோவோவின் ஒரு பருவக் கட்டணம்கூட
முழுசாக வராது.
விற்கவில்லை. வீம்புதான், வேறென்ன.

அந்த வாரம்
சமைக்க உரித்துவைத்த துவரையில் பாதியைக் காணோம்.
நம்பிலைத் திட்டினேன்,
தின்றே தீர்ப்பாய் என்றேன்.
வாயில் எதுவோ இருந்ததால் பதில் சொல்லவில்லை.
மழை விட்டபின் போனால்
ஏழு மரங்களைச் சுற்றியும் வட்டம் வட்டமாக
துவரை முளைவிட்டிருந்தது.
இடைவெளி கோணல், ஒரே குழியில் ஐந்தாறு.
அதற்குப் பிறகும் அவன் விறகு பிளக்கவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மரங்கள் செத்தன. நான்கு யோசிக்கின்றன.

செத்ததை வேரோடு எடுப்பார்கள்,
எண்ணெய் வேரில்தான் கனம்.
தோண்டிக்கொண்டே போனேன்.
குறுக்கே ஒரு வேர், உயிருள்ள மரத்தினுடையது,
விரல் தடிமன்,
சமையற்கட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
மண்ணை விலக்கி விலக்கி அதன் பின்னால் போனேன்.
வாசற்படியோரத்து எலுமிச்சையில் போய் முடிந்தது,
ஏன் காய்க்கமாட்டேன் என்கிறாய் என்று
இரண்டு வருஷமாக நான் ஏசிய எலுமிச்சை.
வெள்ளைப் பொத்தான்கள், வரிசையாக.

கத்தி கையில்தான் இருந்தது.

மண்ணைத் தள்ளி மூடினேன்.
அரிசி கழுவிய தண்ணீரை
எலுமிச்சையின் அடியில் கவிழ்த்தேன்.
சட்டி காலியானதும்
இன்னொரு சட்டி கொண்டுவரச் சொல்லி
உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டேன்.