எரிவாயு பில்லின் பின்பக்கம்

புந்தா அரேனாஸில் ஜூலை.
பத்து மணி வாக்கில்தான் சூரியன் வேலைக்கு வருகிறது,
ஆறுக்குள் கிளம்பிவிடுகிறது.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் யெர்கோ
போர்வைக்குள்ளிருந்து சொன்னான்:
வெறும் சளி.

சளி பிடிக்கும். காய்ச்சல் அடிக்கும்.
பிடிக்கிறது
முதலில் மூக்கைத் தொட்டுப் பார்க்கும்,
இரண்டு தும்மலைத் தூது அனுப்பும்,
வரலாமா என்று யோசிக்கும்.
அடிக்கிறது சொல்லிக்கொண்டு வராது.
இவனால் மணி சொல்ல முடிகிறதே:
செவ்வாய், மதியம் மூன்று இருபது,
கிரேன் ஏணியில் பதினொன்றாம் படி,
தொடை இரண்டும் ஈயம்.

முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

பாராசிட்டமால் தந்த நேரத்தை
எரிவாயு பில்லின் பின்பக்கம் எழுதினேன்,
தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை தந்துவிடக் கூடாதே.
தண்ணீர். உப்பு போட்ட கோழி ரசம். மறுபடி தண்ணீர்.
மகள் யத்ரான்காவுக்குக் கூடத்து சோபா.
ஐந்து நிமிடம் ஜன்னலைத் திறந்தேன்,
ஜலசந்தியின் குளிர் முழுதும் உள்ளே வந்தது,
அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது.

இழுப்பறையில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டான்.
அது பல்லுக்கு வாங்கியது, யெர்கோ.
இந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி சேராது.

இரவில் நான் பார்த்தது காய்ச்சலை அல்ல.
மூச்சு வாங்குகிறானா,
உதடு நீலமா,
கடைசியாய் எப்போது சிறுநீர் கழித்தான்,
என் பெயர் தெரிகிறதா.

வியாழன், இரவு ஒரு மணி.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து
"படகு வந்துவிட்டதா, மரிசோல்?" என்றான்.
என் பெயர் தனிட்சா.
ஒரு கை கோட்டுக்குள், மறு கை தொலைபேசியில்,
ஆம்புலன்ஸ் எண்ணில் இரண்டு இலக்கம் அழுத்தியாயிற்று,
போர்வை குலுங்கியது.
சிரிக்கிறான்.
காய்ச்சல்காரனை உதைக்கலாமா என்று
எந்த மருந்துச் சீட்டிலும் போட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை விட்டது.
அடித்ததும் ஒருநாள் விடும்,
விட்டது திரும்ப அடித்தால்தான் மருத்துவரிடம் ஓட வேண்டும்.
இருமல் மட்டும் போகவில்லை,
வாடகை பாக்கிக்காரன்போல் வாசலிலேயே நின்றது.
ருபார்ப் ஜாம் தடவி அரை ரொட்டி தின்றான்,
மீதியைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போனான்.

ஞாயிறு.
வியர்த்த விரிப்புகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு
மாடிப்படி ஏறுகிறேன்.
நான்காம் படி.
தொடை.

அடுப்புக்கு மேலே கடிகாரம் ஆறு பத்து.
யெர்கோ, எழுந்திரு.
அந்த பில்லைக் கொண்டா,
கீழே இன்னும் இடமிருக்கிறது.