அப்பாவின் பங்கு

ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள்,
மின்சார பில்லின் பின்பக்கம்:

பெரியண்ணன் – சிறுநீரகம்.
உருளைக்கிழங்கை இருமுறை அவித்து நீரைக் கொட்டணும்.
மெய் ஃபோங் – வெங்காயம், பூண்டு ஆகாது.
சின்ன மாப்பிள்ளை – பூசத்துக்கு மாலை.
முட்டை பட்ட கரண்டி கூடாது.
தங்கச்சி மகள் தமயந்தி – பால், தயிர், நெய்
எதுவும் வேண்டாமாம். தேன்கூட.
‘தேன் எடுத்தா தேனீக்கு வலிக்குமா?’ என்று போனில் கேட்டேன்.
அவள் விளக்கி முடிப்பதற்குள்
சோறு பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

கடைசி வரியில்
வேந்தன் என்று எழுதி
அடித்து
ஹஃபிஸ் என்று எழுதினேன்.
எதிரே எதுவும் எழுதவில்லை.

போன முறை வந்தவன்
டின் பானம் மட்டும் குடித்தான்.
‘வயிறு சரியில்லை அத்தை.’
நம்பியது போல் இருந்தேன்.
இந்த முறை புதுக் குவாலி வாங்கியாச்சு,
பாக் சமாட் கடையில் கோழி.
ரசீதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்,
யாரிடம் காட்டப் போகிறேனோ.

இருப்பது இரட்டை அடுப்பு.
விடிகாலை நாலுக்கு மாலைக்காரருக்குச் சாம்பார்,
அப்புறம் காளான்,
தேங்காய்ப்பாலில் தமயந்திக்குப் பூசணி,
இருமுறை செத்த கிழங்கு,
கோழி கடைசியில்.
கரண்டிக் காம்புகளில் ஐந்து நிற ஒட்டுநாடா.

எல்லாம் சரிதான்.
ஆனால் இன்றைக்குத் தலைத்திவசம்.
கூடத்தில் இலை விரிப்பது
இந்த ஐவருக்கும் அல்ல.

மருதமுத்து,
செம்பனைக் குலை லாரி ஓட்டியவர்.
விருப்பம் – காட்டுப்பன்றி.

ஞாயிறுகளில் லயத்துக்குப் பின்னால் பங்கு போடுவார்கள்,
வாழையிலை மேல் எட்டுக் கூறு.
கொழுப்புள்ள கூறுக்காக
சீட்டுக் குலுக்கலில் அப்பா திருடுவார்,
எல்லோருக்கும் தெரியும்.
மிளகு தட்டிப் போட்டு
தார் மாதிரிக் கறுக்கும்வரை
தானே பிரட்டுவார்.
வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்,
உப்புப் பார்க்க வாய் திறந்து நிற்கும்
ஐந்து வயது வேந்தனைத் தவிர.

என்ன செய்ய என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.
பேப்பரில் அடுத்த பக்கம் போனார்.

இலையில் நெத்திலி வறுவல் வைத்தேன்,
அவித்த முட்டை,
பாக் சமாட் கோழி.
ஸ்டவுட் போத்தலைத் துண்டில் சுற்றி
சாமிப் படத்துக்குப் பின்னால்.

வந்தார்கள்.
மாலைக்காரர் தன் தட்டைத் தானே கழுவி உட்கார்ந்தார்.
மெய் ஃபோங் காளானை மறுபடி கேட்டாள்.
‘இது உருளைக்கிழங்கு இல்லம்மா,
அதோட போட்டோ’ என்றார் அண்ணன்.
பிறகு தட்டை விட்டுக் கண்ணெடுக்காமல்
என்னிடம் சொன்னார்:
‘அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு.’
இரண்டு வருடத்தில்
மகனைப் பற்றி அவர் பேசிய
முதல் பேச்சு.

கைகழுவி வந்த ஹஃபிஸ்
இலை முன்னால் நெடுநேரம் நின்றான்.
‘அத்தை, தாத்தாவுக்கு அது வைக்கலையா?’
எது என்று நான் கேட்கவில்லை,
அவனும் பேர் சொல்லவில்லை.
‘எனக்காகவா?’
ஊதுபத்திச் சாம்பல் விழுந்தது.
கோழித் துண்டைக் குனிந்து பார்த்து
‘நோயாளிக் கறி’ என்றான்,
அப்படியே அப்பாவின் குரல்.
அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
இருமலாக்கப் பார்த்தார், முடியவில்லை.

போகும்முன்
குவாலியை அவனே தேய்த்தான்.
விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான்.
துடைத்து,
கொல்லைக் கதவோரம் ஆணி தேடி
மாட்டினான்.

அவன் கார் ரயில் கேட்டைத் தாண்டியதும்
ஆ லியோங் வீட்டுக்கு நடந்தேன்.
நேற்றே சொல்லிவைத்த பொட்டலம்,
பேப்பர் சுற்றி, கனமாய்.
கொல்லையில் மூன்று கல்,
அப்பாவின் பழைய சட்டி,
மிளகு.

இருட்டிவிட்டது.
பரவாயில்லை.
லாபிஸ் ஆலையில் வரிசை நீளம்,
லாரி என்றைக்குமே
எட்டு மணிக்கு முன்னால்
வீடு வந்ததில்லை.